ராமசாமியின் மிளகுத்தண்ணி

1

ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்த தமிழ்ச் சொற்களைப் பட்டியல் போட்டுச் சந்தோஷப்படுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணி என்று அந்தப் பட்டியல் போகும். அதே பட்டியலில் 'பறையர்' என்ற சொல்லும் இருக்கிறது. விலக்கப்பட்டவன் எவனையும் குறிக்கிற பொதுச்சொல்லாக அது ஐரோப்பிய மொழிகளில் இன்றும் புழங்குகிறது. மேடையில் பட்டியலை வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அல்லது தாண்டிவிடுவார்கள். மிளகுத்தண்ணிக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு உறவு இருக்கிறது. அதைத் தாண்டிவிடாமல் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1886ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் களஞ்சியம். தயாரித்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஏ. ஸி. பர்னெல். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அங்கே அரண்மனை நூலகத்து சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சாகி வருவதற்கு முன்பே, 1882ல், இறந்துவிட்டார். அந்த அகராதி 'மல்லிகடானி' என்ற சூப்பின் பெயர் தமிழ் மிளகுத்தண்ணீரின் திரிபு என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்த பழைய இடத்தைக் காட்டுகிறது. வருஷம் 1784. இரண்டாவது மைசூர் யுத்தத்தில் பிடிபட்டு, ஹைதர் அலியின் கைதியாகப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஒரு ஆங்கிலேயன் எழுதிய பாட்டு அது. கஞ்சி, இல்லாவிட்டால் மிளகுத்தண்ணி, இதுதான் சாப்பாடு என்று தங்கள் விதியை நொந்துகொள்கிற பாட்டு.

இதை நாம் சற்று நின்று கவனிக்கவேண்டும். மிளகுத்தண்ணி ஆங்கில இலக்கியத்துக்குள் நுழைவது ஒரு ருசியான பண்டமாக அல்ல. தோற்றவனுக்குப் போடுகிற சாப்பாடாக. சிறைப்பட்டவன் வேறு வழியில்லாமல் அதைக் குடிக்கிறான். வேறு வழியில்லாமல் சாப்பிட்ட ஒன்று நாக்கில் ஒட்டிக்கொள்வதும், பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஆவதும் சாப்பாட்டின் சரித்திரத்தில் புதிதல்ல. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் லண்டன் காப்பிக் கடைகள் ஜன்னலில் இந்த விசித்திரமான பெயரை ஒட்டிவைத்து ஆள் பிடித்தன. வில்லியம் கிட்சினர் தம்முடைய சமையல் நூலில் (முதல் பதிப்பு 1817) அந்தக் காட்சியைக் கிண்டலோடு குறிப்பிட்டு, செய்முறையையும் தருகிறார். இந்தியாவிலோ மதராஸ் ராஜதானியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. வங்காளத்தில் இருந்தவன் வேலைக்காரனைக் கூப்பிடுகிற கூப்பாட்டை வைத்து 'கோய் ஹை'. பம்பாயில் இருந்தவன் அங்கத்திக் கருவாட்டை வைத்து 'டக்'. மதராஸில் இருந்தவன் மிளகுத்தண்ணி. ஆள்கிறவன் ஆளப்படுகிறவனின் சாப்பாட்டால் அறியப்பட்டான்.

2

இனி அந்தப் பாத்திரத்துக்குள் என்ன இருந்தது என்று பார்க்கலாம். இதற்கு நம்மிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. மதராஸ் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதி 1878ல் மதராஸில் வெளியிட்ட சமையல் குறிப்பு நூல். கெட்டிக்காரர், பார்ப்பதை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவர். பின்னால் இங்கிலாந்து திரும்பி லண்டனில் சமையல் பள்ளி நடத்தியவர். மதராஸ் ஏழைகள் மிளகுத்தண்ணியை எப்படி வைக்கிறார்கள் என்று அவர் அளவோடு எழுதிவைத்திருக்கிறார். புளி, ஆறு மிளகாய் வற்றல், ஆறு பல் பூண்டு, கடுகு, வெந்தயம், பன்னிரண்டு மிளகு, உப்பு, ஆறு கறிவேப்பிலை. எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, சட்டியில் இரண்டு சின்ன வெங்காயத்தை நெய்யில் சிவக்க வதக்கி, அதில் வடிகட்டிய நீரை ஊற்றி மேலும் ஐந்து நிமிஷம். நிறையச் சோற்றோடு இதைச் சேர்த்து உண்கிறார்கள், இதுவே ஒரு முழுச் சாப்பாடு என்கிறார். பிறகு ஆங்கிலேயர்கள் இதிலிருந்து யோசனையை எடுத்துக்கொண்டு, கோழி அல்லது ஆட்டிறைச்சி சேர்த்து, மாவும் வெண்ணெயும் போட்டுக் கெட்டியாக்கி, வேறொரு சூப்பை உண்டாக்கினார்கள் என்று வளர்ச்சியைச் சொல்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தெளிவான கதை. முதலில் கலப்பில்லாத ஒரு சுதேசிப் பொருள். பிறகு அதன்மேல் அந்நியக் கலப்பு. நம்முடைய மரபுவாதிகளும் வைவர்னும் கைகோத்துக்கொள்கிற இடம் இது. இரண்டு பேருக்கும் ஒரு தூய ஆரம்பம் தேவைப்படுகிறது.

ஆனால் பட்டியலைத் திரும்பப் படித்தால் அந்த ஆரம்பம் கையில் அகப்படுவதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492க்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எவனும் அதைக் கண்டதில்லை. புளியமரத்துக்கு ஆதி ஊர் ஆப்பிரிக்கா. எப்போதோ இங்கே வந்து, நம் சாலையோரங்களில் நம்மைவிடப் பழையதுபோல நிற்கிறது. அரபிக்காரன் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று நினைத்துப் பெயர் வைத்தான். பூண்டு மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. வெந்தயம் மேற்கிலிருந்து வந்தது. எட்டுப் பொருளில் இந்த மண்ணுக்கே உரியவை என்று தயங்காமல் சொல்லக்கூடியவை மிளகும் கறிவேப்பிலையும். பெரும்பாணாற்றுப்படையில் மாதுளம்பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்க்கிற ஒரு வீட்டைப் பார்க்கிறோம். புளியும் மிளகாயும் பூண்டும் இல்லாத அந்தச் சமையலை இன்று நம் முன்னே வைத்தால் யாரோ வெளிநாட்டுக்காரனின் பதார்த்தம் என்றுதான் நினைப்போம்.

வைவர்ன் கண்ட ஏழையின் மிளகுத்தண்ணி, ஆகவே, ஏற்கனவே மூன்று கண்டங்களின் கலவை. பன்னிரண்டு மிளகுக்கு ஆறு மிளகாய் என்ற அந்தக் கணக்குக்குள் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. யவனர்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. மிளகுக்கு வழி தேடித்தான் கொலம்பஸ் மேற்கே போனான். மிளகு கிடைக்கவில்லை, உறைக்கிற ஒரு காய் கிடைத்தது, அதற்கும் மிளகின் பெயரையே வைத்தான். 1498ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததும் மிளகுக்குத்தான். 1510ல் கோவாவைப் பிடித்துக்கொண்ட போர்த்துகீசியர்களின் கப்பல்கள் வழியாகத்தான் அந்தக் காய் இங்கே வந்தது. மிளகைத் தேடிப் போனவர்கள், மிளகு விளைகிற இடத்துக்கே மிளகைத் தோற்கடிக்கிற ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மிளகு கொடியில் விளைவது, மழையும் நிழலும் கேட்பது, விலை அதிகம். மிளகாய் புழக்கடையில், தொட்டியில், கரிசலில், எங்கும் ஒரு பருவத்தில் காய்ப்பது. வெறும் சோற்றுக்கு உறைப்பு வேண்டியவனுக்கு அது கைக்கு எட்டியது. கலப்பு நடந்தது அரண்மனை மேஜையில் அல்ல. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாதவன் சட்டியில்.

பெயர் வைத்த விதமும் கவனிக்கத்தக்கது. மிளகு போன்ற காய், மிளகாய். வந்தவனுக்கு நம் உறவுப் பெயரைச் சூட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். மலையாளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே 'முளகு' என்றால் இன்று மிளகாய்தான். பழைய மிளகு ஒரு அடைமொழியைச் சுமந்துகொண்டு 'குருமுளகு' ஆகிவிட்டது. மிளகின் சொந்த தேசத்திலேயே விருந்தாளி பெயரை எடுத்துக்கொள்ள, வீட்டுக்காரன் அடைமொழியோடு நிற்கிறான்.

'கறி' என்ற சொல்லின் கதையும் இதுவே. சங்கப் பாட்டுகளில் கறி என்றால் மிளகு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் நிவேதனங்களைச் சொல்லும்போது கறியமுது என்றால் சோற்றுக்குத் துணையான காய். மிளகு, மிளகாகவே தனியே குறிக்கப்படுகிறது. இன்று ஒரு வீட்டில் கறி என்றால் வாழைக்காய். அடுத்த வீட்டில் ஆட்டிறைச்சி. இரண்டு வீடுகளும் ஒன்றின் சொல்லை மற்றது பிழை என்று நினைத்துக்கொண்டு அருகருகே வாழ்கின்றன. இந்தச் சொல் போர்த்துகீசியர் வாயில் 'கரில்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'கர்ரி' ஆகியது. 1747ல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையில் கறி செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் மிளகாய் கிடையாது. மிளகும் கொத்தமல்லி விதையும்தான். கொத்தமல்லியை ஒரு சுத்தமான மண்வாரியில் போட்டு நெருப்பின்மேல் வறுத்துக்கொள்ளச் சொல்கிறார். வறுக்கும் சட்டி அந்த வீட்டில் இல்லை. கறிக்கு ஆங்கிலச் சமையலறையில் அதுவரை ஒரு பாத்திரம்கூட இல்லை என்பதை அந்த மண்வாரி காட்டிவிடுகிறது.

3

பாத்திரம் இல்லாத இடத்தில் ஒரு பண்டம் எப்படிக் குடியேறுகிறது? மிளகுத்தண்ணியின் விஷயத்தில் இதற்குத் திட்டமான பதில் சொல்லமுடியும்.

நம் இலையில் சோறு நடுவில் இருக்கிறது. குழம்பு, ரசம், மோர் எல்லாம் சோற்றைத் தேடி வருகின்றன. எதுவும் தனியே முதலில் குடிக்கப்படுவதற்கில்லை. ஆங்கிலேயன் மேஜையிலோ நடு என்று ஒன்று கிடையாது, வரிசை உண்டு. வரிசையில் முதல் இடம் சூப்புக்கு. மதராஸ் வெயிலில், இங்கே கிடைக்கிற மெலிந்த ஆட்டிறைச்சியை வைத்துக்கொண்டு, அந்த முதல் இடத்தை நிரப்பவேண்டியிருந்தது. நீராக, சூடாக, ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கக்கூடியதாக இங்கே இருந்தது மிளகுத்தண்ணி. அது அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தவுடனே அந்த இடத்தின் சட்டங்கள் அதற்குப் பொருந்தவேண்டும். சூப் கெட்டியாக இருக்கவேண்டும். எனவே மாவு, வெண்ணெய். சூப்புக்கு மாமிசச் சாறு ஆதாரம், எனவே கோழி. சோறு நடுவிலிருந்து இறங்கி ஓரத்தில் ஒரு கரண்டி ஆயிற்று. 1861ல் மிஸஸ் பீட்டனின் புகழ்பெற்ற நூலில் மல்லிகடானி வரும்போது கோழி அல்லது முயல், பன்றி இறைச்சித் துண்டுகள், வெங்காயம், பொடித்த பாதாம், எலுமிச்சை ஊறுகாய், கறிப்பொடி எல்லாம் இருக்கின்றன. மிளகு தனியாக இல்லை. கறிப்பொடிக்குள் எங்கேயோ கரைந்திருக்கிறது. மிளகுத்தண்ணியிலிருந்து மிளகும் போயிற்று; அது தண்ணியாகவும் இல்லை.

இதிலிருந்து ஒரு பொதுவான விஷயம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கலாச்சாரம் இன்னொன்றிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை எடுக்கப்படுகிற பொருளின் உயர்வு தீர்மானிப்பதில்லை. எடுக்கிறவனிடத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. எடுத்த பிறகு அந்த இடத்தின் இலக்கணம் பொருளை மாற்றுகிறது. பெயர் மட்டும் பழையதாக நிற்கும், ஊரை விட்டுப்போனவன் பெயரில் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

வைவர்னின் நூல் வெளியான மறுவருஷம், 1879ல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. ஆங்கிலேயனின் மேஜையில் சூப்புக்கு ஒரு இடம் இருந்ததுபோல, உரைநடையில் ஒரு நீண்ட கதைக்கு நம்மிடம் அப்போது ஒரு இடம் உண்டாகியிருந்தது. அச்சு இருந்தது, படித்த உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள், சொல்லவேண்டிய புதிய விஷயங்கள் இருந்தன. நாவல் அங்கே வந்து உட்கார்ந்து, உட்கார்ந்தவுடனே நீதி சொல்லவும் கிளைக்கதை பேசவும் ஆரம்பித்துவிட்டது. அது மேல்நாட்டு நாவலின் குறைப்பிரசவம் என்று பேசுகிறவர்கள், மல்லிகடானி நம் ரசத்தின் குறைப்பிரசவம் என்று பேசுகிற அதே தவறைச் செய்கிறார்கள். இரண்டும் போய்ச் சேர்ந்த இடத்தின் சட்டத்துக்கு உட்பட்டே தம் உருவத்தை அடைந்தன.

இங்கேயே கட்டுரையை முடித்துக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். தூய்மை என்று ஒன்று இல்லை, எல்லாம் கலப்பே, ஆகவே கலப்பு நல்லது என்று சுபம் போட்டுவிடலாம். இன்று பெரிய ஹோட்டல்களின் மெனு அட்டையில் 'ஃப்யூஷன்' என்ற சொல் அந்த அர்த்தத்தில்தான் போடப்படுகிறது. ஆனால் இதுவரை நான் சமையற்காரனைப் பற்றிப் பேசவில்லை.

4

வைவர்ன் அந்த மிளகுத்தண்ணிக் குறிப்பை ஒரு ஆள் செய்வதாக எழுதுகிறார். அந்த ஆளின் பெயர் ராமசாமி. நூல் முழுவதும் ராமசாமி வருகிறான். அவன் கெட்டிக்காரன், சொன்னால் பிடித்துக்கொள்வான், ஆனால் விட்டால் பழைய வழக்கத்துக்கே போய்விடுவான், அவனை எப்படி நடத்துவது, என்ன சொன்னால் கேட்பான் என்றெல்லாம் துரைசானிகளுக்கு யோசனை சொல்கிறார். ஏளனம் மட்டும் இல்லை. பல இடங்களில் உண்மையான மதிப்பும் இருக்கிறது. ஆனால் ராமசாமி என்பது ஒரு மனிதனின் பெயர் அல்ல. மதராஸ் ராஜதானியில் வெள்ளைக்காரன் வீட்டில் அடுப்பின் முன்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து அது ஒரே பெயர்.

அந்த அடுப்படிக்குள் யார் போனார்கள்? மாட்டிறைச்சியையும் பன்றியையும் தொடுகிற, சாராயக் கிண்ணம் கழுவுகிற வேலைக்கு சாதி இந்துக்கள் போகவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் பறையர்களும், கிறிஸ்தவர்களாகியிருந்தவர்களும், முஸ்லிம்களும். ஊருக்குள் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கமுடியாதவன் ராஜதானியின் மிகப்பெரிய மேஜைகளுக்குச் சமைத்தான். தமிழ்ச் சமையலுக்கும் ஐரோப்பியச் சமையலுக்கும் நடந்த கலப்பு, இரண்டு பெரிய மரபுகள் சமமாக உட்கார்ந்து பேசிக்கொண்டதன் விளைவு அல்ல. ஒரு மரபினால் வேலைக்காரனாகவும் இன்னொன்றினால் தீண்டத்தகாதவனாகவும் கருதப்பட்ட ஒருவனின் கைக்குள் அது நடந்தது. ஆரம்பத்தில் சொன்ன பட்டியலில் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் அல்ல.

இந்த மனிதர்களுக்குத் தெரிந்தது என்ன என்று யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தை ஒட்டி ஹிக்கின்பாதம்ஸ் கம்பெனி ஆங்கிலமும் தமிழுமாக ஒரு சமையல் நூலை வெளியிட்டது. அதன் தலைப்பின் பொருள், 'சமையற்காரனிடம் என்ன சொல்லவேண்டும்' என்பது. தமிழ் அச்சில் இருந்தாலும் அது சமையற்காரன் பேசிய தமிழ் அல்ல. அவனிடம் பேசப்பட்ட தமிழ். சமையற்காரன் என்ன சொல்வான் என்று ஒரு நூல் வரவேயில்லை.

இதற்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கமுடியாது. 1951ல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' தமிழில் ஒரு சாதனை. கை அளவாக இருந்ததை எழுத்தாக மாற்றியது. ஒரு பிராமணப் பெண் தன் பெயரைப் போட்டுத் தன் சமையலை எழுதியது சிறிய விஷயம் அல்ல. ஆனால் தமிழ்நாட்டின் சமையல் என்று வெகுகாலம் அச்சில் இருந்தது அந்தச் சமையலறையும் அதன் அக்கம்பக்கமும்தான். பட்லர்களின் சமையலும், சேரியின் சமையலும், கடலோர முஸ்லிம்களின் சமையலும் வாய்வழியாகவே இருந்தன, கிடைத்தவரை கிடைத்தன. வைவர்ன் அவனுக்குப் பொய்ப்பெயராவது வைத்தார். நாம் அதையும் செய்யவில்லை.

ராமசாமி மதராஸோடு நிற்கவில்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி மதராஸ் ராஜதானிக்காரர்கள். அங்கே வெள்ளையன் அவர்களைப் பொதுவாக 'சாமி' என்று கூப்பிட்டான். ராமசாமி, முத்துசாமி, கோவிந்தசாமி எல்லோரும் வெட்டப்பட்டு மிஞ்சிய வால் அது. காந்தி இதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொல்வார்களாம். கேட்டவர்களில் சிலர் நெளிவார்கள். சிலர் அடிக்கவே வருவார்கள்.

அந்த டர்பன் நகரத்தில் பிறந்தது 'பன்னி சௌ' என்ற பண்டம். கால் ரொட்டியையோ அரை ரொட்டியையோ எடுத்து, உள்ளிருக்கும் மெத்தையைக் குடைந்து, அந்தக் குழியில் அவரைவிதைக் குழம்பையோ ஆட்டிறைச்சிக் குழம்பையோ ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடித் தருகிறார்கள். பிய்த்துத் தோய்த்துக் கையால்தான் சாப்பிடவேண்டும். பெயர் 'பனியா' என்ற வியாபாரிச் சாதியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பிறப்பைப் பற்றிக் கதைகள் பல உண்டு. வயலுக்குக் குழம்பு எடுத்துப்போகப் பாத்திரம் இல்லாத கூலிகள் கண்டுபிடித்தது என்று ஒன்று. நிறவெறிக் காலத்தில், உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதியில்லாதவர்களுக்குக் கொல்லைப்புறமாகக் கொடுத்தனுப்ப வந்தது என்று இன்னொன்று. கதைகள் வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: சாப்பிடுகிறவனுக்குத் தட்டு இல்லை. ரொட்டி வெள்ளையனுடையது, குழம்பு கூலியுடையது. இரண்டும் சேர்ந்த இடம், உட்கார இடமில்லாத ஒருவனின் கை. இன்று அது டர்பன் நகரத்தின் பெருமைகளில் ஒன்று.

பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமாகத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றது இன்று 'நாசி கண்டார்'. மலாய் மொழியில் 'நாசி' சோறு, 'கண்டார்' காவடித் தடி. சோற்றுக்கு அங்கே பெயர் கொடுத்தது ருசி அல்ல, சுமை.

5

மாறுதலுக்கு ஒரு உதாரணம் சொல்லவேண்டும். கறி ஜப்பானுக்கு இந்தியாவிலிருந்து போகவில்லை, இங்கிலாந்திலிருந்து போயிற்று. மெய்ஜி காலத்தில், 1872ல் வெளிவந்த மேல்நாட்டுச் சமையல் நூல்களில் கறி ஒரு மேல்நாட்டு உணவாக இடம்பெறுகிறது. மாவு போட்டுக் கெட்டியாக்கிய கறி; வைவர்ன் சொன்ன அதே மாவு. பிறகு ராணுவமும் கடற்படையும் அதை எடுத்துக்கொண்டன. சோற்றோடு ஒரே தட்டில், பெரிய கூட்டத்துக்கு ஒரே சமயத்தில் ஆக்கிப்போட அது வசதியாக இருந்தது. நாகரிகமான வெள்ளைக்காரன் சாப்பாடு என்றே ஜப்பானியன் கறியைச் சாப்பிட ஆரம்பித்தான்.

1915ல் வங்காளப் புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் நகமுரயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. பிறகு அந்த வீட்டுப் பெண்ணையே அவர் மணந்துகொண்டார். 1927ல் அந்தக் கடை 'இந்தியக் கறி' என்று தனியாக ஒன்றை விற்க ஆரம்பித்தது. மாவு போடாத கறி. ஆங்கிலேயன் கொண்டுவந்து கொடுத்தது கறி அல்ல, எங்களுடையது இது என்று ஒரு அரசியல் அகதி ஒரு தட்டில் சோற்றை வைத்துச் சொன்னான். பின்னாளில் இந்திய சுதந்திர லீகை நடத்தி, 1943ல் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்த மனிதர் இவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் சேர்ந்தது அந்த இயக்கத்தின் படையில்தான்.

இந்த ஒரு கறிக்கு மட்டும் வருஷமும் பெயரும் இருக்கிறது. காரணம் ருசி அல்ல. செய்தவன் தன் பெயரைச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தான். அவனுக்குப் படிப்பு இருந்தது, குடும்பம் இருந்தது, மறுக்கிற உரிமை இருந்தது. ராமசாமிக்கு இல்லாதது அந்தக் கடைசி விஷயம். மாவு போடமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கமுடியாது.

6

1959ல் 'எழுத்து' ஆரம்பித்து, புதுக்கவிதை என்று ஒன்று தொடர்ந்து வர ஆரம்பித்தபோது, இது மேல்நாட்டு இறக்குமதி என்று பண்டிதர்கள் சொன்னார்கள். அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லப்பட்டது. ஒன்று, இல்லை, இது நம் அகவலிலேயே இருக்கிறது என்பது. மற்றது, ஆமாம், இறக்குமதிதான், அதனால் என்ன, எல்லாமே கலப்புதானே என்பது. இரண்டாவது பதில் எனக்கு வெகுகாலம் போதுமானதாக இருந்தது. இந்த மிளகுத்தண்ணி விஷயத்தைப் படித்த பிறகு அது போதவில்லை.

எல்லாம் கலப்பு என்பது உண்மை. ஆனால் அது ஒரு ஆரம்ப உண்மை. அதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறவன் கலப்பை ஒரு அழகாக மாற்றிவிடுகிறான். எது எதோடு சேர்ந்தது என்பது சின்னக் கேள்வி. யாருடைய கையில் சேர்ந்தது, யாருக்காக, மாட்டேன் என்று சொல்ல அந்தக் கைக்கு இடம் இருந்ததா என்பவை அடுத்த கேள்விகள். நம் கவிதையையும் விமர்சனத்தையும் பற்றி இந்தக் கேள்விகளை நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. மேற்கே இருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் இலையின் காலி இடத்துக்காகவா, அல்லது யாரோ ஒருவருடைய மேஜை வரிசையில் முதல் இடத்துக்காகவா? எங்கள் பக்கங்களில் எந்தச் சமையலறை எழுத்தாயிற்று, எது ஆகவில்லை? சிறு பத்திரிகையும் ஒரு வீடுதான். அதற்கும் முன்வாசலும் கொல்லைப்புறமும் இருந்திருக்கின்றன. தலித் எழுத்து 1990களில் தமிழில் ஒரு இயக்கமாக வந்தபோது, அதன் மொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்று முதலில் கேட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

வைவர்ன் தந்த அந்தக் குறிப்பில் ஒரு விஷயத்தை அவர் யோசிக்காமலே பதிவுசெய்துவிட்டார். ஏழைகளின் மிளகுத்தண்ணி, துரையின் மல்லிகடானி என்று இரண்டை அடுத்தடுத்து எழுதுகிறார், ஏதோ ஒன்று முடிந்து மற்றது தொடங்கியதுபோல. ஆனால் முதலாவது முடிந்துபோகவில்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கவேண்டும். சாயங்காலம் பங்களாவில் கோழிச் சாறும் மாவும் வெண்ணெயும் சேர்த்து, கட்டி தட்டாமல் கிளறி, மேஜைக்கு அனுப்பிவிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின், அந்த மனிதன் தன் வீட்டுக்குப் போயிருப்பான். அங்கே அவன் பெயர் வேறு. சட்டியில் இரண்டு வெங்காயத்தை வதக்கி, புளியும் மிளகாயும் மிளகும் அரைத்துக் கரைத்த நீரை யாராவது ஊற்றியிருப்பார்கள். சோற்றில் அதை நிறைய விட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுத்திருப்பான்.